வாய்க்காலுக்கு மேற்கே என்ன இருக்கிறது? புதுச்சேரியின் பழைய நகரை நடந்து பார்ப்பது பற்றிய கேள்விக்கு விளக்கம்

அனைவருக்கும் வணக்கம். இன்று எடுத்துக்கொள்ளும் கேள்வியைத் திருச்சியிலிருந்து ஒரு சகோதரி அனுப்பியிருக்கிறார். அவர் தம் தந்தையாரையும் பத்து வயது மகனையும் அழைத்துக்கொண்டு புதுச்சேரிக்கு வரவிருக்கிறார். கையில் ஒரு முழுப் பகல்தான் இருக்கிறது. பழைய நகரத்தை நடந்தே பார்க்க விரும்பும் அவரிடம், கடலோரத்தில் ஐரோப்பியர் வாழ்ந்த வெள்ளை நகரத்து வீதிகளைச் சுற்றிவிட்டால் போதும், நகரை இரண்டாகப் பிரிக்கும் வாய்க்காலுக்கு மேற்கே வெறும் கடைவீதிதான், அங்கே பார்க்க ஒன்றுமில்லை என்று பலர் சொன்னார்களாம். அது உண்மையா, எங்கே தொடங்கி எங்கே முடிக்க வேண்டும், முதியவரால் அவ்வளவு தூரம் நடக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

முதலில் நேரடியான விடையைச் சொல்லிவிடுகிறேன். மேற்கே ஒன்றுமில்லை என்பது உண்மையன்று. ஒரு பகல்தான் இருக்கிறது என்றால், காலைப் பொழுதை முழுவதுமாக வாய்க்காலுக்கு மேற்கிலுள்ள தமிழ்ப் பகுதிக்கே கொடுங்கள். மாலையில் கிழக்கே கடந்து கடற்கரையில் முடியுங்கள். இந்த வரிசையை நான் வற்புறுத்துவதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றை வழியோடு வழியாகவே சொல்கிறேன்.

நகரத்தின் வடிவத்தை மனத்தில் வாங்கிக்கொண்டால் வழி தவறுவது அரிது. பழைய புதுச்சேரி, கடலை ஒட்டிய ஒரு நீள்வட்டம். வடக்கே சர்தார் வல்லபாய் படேல் சாலை, மேற்கே அண்ணா சாலை, தெற்கே சுப்பையா சாலை, கிழக்கே கடற்கரைச் சாலை ஆகிய நான்கும் சேர்ந்து அந்த வட்டத்தை வரைகின்றன. ஊரார் இதைப் புல்வார்டு என்பார்கள். வடக்கிலிருந்து தெற்காக இரண்டு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும் இந்தப் பரப்பில் வீதிகள் பெரும்பாலும் ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டிச் செல்கின்றன. பிரெஞ்சு நகரம் என்று நாம் சொல்லிப் பழகிய இந்தக் கட்டம் போட்ட அமைப்புக்கு வரைபடம் போட்டவர்கள் டச்சுக்காரர்கள். 1674-இல் பிரான்சுவா மர்த்தேன் என்ற பிரெஞ்சுக்காரர் இங்கே குடியேற்றத்தை நிலைநிறுத்தினார். 1693-இல் டச்சுக்காரர்கள் அதைக் கைப்பற்றி 1699 வரை வைத்திருந்தார்கள். அந்தச் சில ஆண்டுகளில் அவர்கள் நேர்நேராக வகுத்த வீதித் திட்டத்தையே பின்னால் திரும்பி வந்த பிரெஞ்சுக்காரர்கள் பின்பற்றினார்கள். நடுவே வடக்கு தெற்காக ஓடும் பெரிய வாய்க்கால், கிழக்கே ஐரோப்பியர் குடியிருந்த பகுதியையும் மேற்கே நம்மவர் குடியிருந்த பகுதியையும் பிரித்தது. வெள்ளை நகரம், கறுப்பு நகரம் என்றே அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். நிறத்தைக் கொண்டு ஊரைப் பிரித்த அந்தப் பெயர்களில் ஒன்றை மட்டும் இன்றைக்குச் சுற்றுலா விளம்பரங்கள் அழகாக ஏந்தி நிற்பதும், மற்றதைச் சொல்லாமல் விட்டுவிடுவதும் எனக்கு எப்போதும் வருத்தம் தருகிறது.

காலையில் ஆறரை மணிக்குள் மகாத்மா காந்தி வீதியின் வடபகுதிக்கு வந்துவிடுங்கள். வேதபுரீஸ்வரர் கோயிலும் வரதராஜப் பெருமாள் கோயிலும் அங்கே இருக்கின்றன. வேதபுரீஸ்வரர் கோயில் முதலிலிருந்தே இந்த இடத்தில் இருந்ததன்று. இன்றைய மிஷன் வீதியில், ஏசு சபையினரின் தேவாலயத்தை அடுத்துத்தான் பழைய வேதபுரி ஈசுவரன் கோயில் நின்றது. 1748-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்ட சமயத்தில், துய்ப்ளே பிரெஞ்சு ஆளுநராக இருந்தபோது, அந்தக் கோயில் இடிக்கப்பட்டது. அந்த நாட்களில் ஊர்ப் பெரியவர்கள் அடைந்த கலக்கத்தைத் துய்ப்ளேயின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். இன்றைய கோயில் அதற்குப் பின்னர் வேறு இடத்தில் எழுந்தது. இந்தச் செய்தியை அறிந்துகொண்டு கோயிலுக்குள் சென்று வந்தால், பிற்பகலில் நீங்கள் பார்க்கப்போகும் மஞ்சள் சுவர்களும் தூண்களும் வேறு விதமாகத் தெரியும்.

அங்கிருந்து வைசியாள் வீதிக்குச் செல்லுங்கள். கல்வே சுப்பராய செட்டியார் வீதி என்பது அதன் இன்னொரு பெயர். மகாத்மா காந்தி வீதிக்கும் மிஷன் வீதிக்கும் இடைப்பட்ட அந்த நீளத்தில், ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் என்ற நகர மேம்பாட்டுத் திட்ட உதவியுடன், பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு வீட்டு முகப்புகளைச் சீர்படுத்தியது. இந்த நடையில் எந்த ஓர் இடத்திலாவது அரை மணி நேரம் செலவழிக்க முடியும் என்றால், அந்த அரை மணியை இங்கே செலவழியுங்கள். வேகமாக நடந்தால் இரண்டு நிமிடத்தில் வீதி முடிந்துவிடும். நின்று பார்த்தால்தான் பிடிபடும்.

ஒரு வீட்டின் எதிரே நின்று கீழிருந்து மேலாகப் பாருங்கள். வீதியை ஒட்டி, மரத்தூண்கள் தாங்கிய சரிவான ஓட்டுக் கூரையின் கீழ் ஒரு தாழ்வாரம் இருக்கும். ஒரு காலத்தில் இத்தகைய தாழ்வாரங்கள் வீட்டுக்கு வீடு தொடர்ந்து சென்றதால், வெயிலும் மழையும் படாமல் வழிப்போக்கர் நடக்க முடிந்தது. வீடு தனக்கென்று கட்டிக்கொண்டதிலிருந்து வீதிக்கு விட்டுக்கொடுத்த பங்கு அது. தாழ்வாரத்தை அடுத்துத் திண்ணை. மெழுகி மெழுகி, கை பட்டுப் பட்டுப் பளபளத்துப் போன திண்ணை. நடுவே நல்ல கனமான மரக்கதவு, நிலையின் மேல்விட்டத்தில் செதுக்குவேலை, கதவு திறந்திருந்தால் நேர்கோட்டில் ரேழியும் முற்றமும், முற்றத்து வெளிச்சத்துக்கு அப்பால் பின்கட்டும் தெரியும். இது வரைக்கும் தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ உள்ள வீட்டைப் பார்ப்பது போலத்தான் இருக்கும். இப்போது கண்ணை மேலே உயர்த்துங்கள். மாடியில் மரத்தூண் இருக்காது. சுண்ணாம்புச் சாந்தால் இழைத்த தூண்கள் சுவரோடு ஒட்டி நிற்கும். அவற்றுக்கு இடையே வளைவு வைத்த உயரமான சன்னல்கள், அவற்றில் சாய்வுப் பலகைகள் கோத்த மரக்கதவுகள், கூரை விளிம்பில் சாந்துப் பூவேலை கொண்ட கைப்பிடிச் சுவர். கீழ்த்தளம் தமிழ் வீடாகவும் மேல்தளம் பிரெஞ்சு வீடாகவும் ஒரே சுவரில் எழுந்து நிற்கும் இந்தக் கட்டுமானம் புதுச்சேரிக்கே உரிய அடையாளம் என்பது என் உறுதியான கருத்து. வெள்ளை நகரத்து மாளிகையைப் போன்றவற்றை வேறு பிரெஞ்சுக் குடியேற்றங்களிலும் காணலாம். இந்த வீடு இங்கேதான் பிறந்தது.

ஏன் இப்படிக் கட்டினார்கள் என்று உங்கள் மகன் கேட்கக்கூடும். கீழ்த்தளத்தில் பழைய வாழ்க்கை அப்படியே நடந்தது. வந்தவர் அமரத் திண்ணை வேண்டும், சமையலுக்கும் சடங்குக்கும் முற்றம் வேண்டும். வணிகத்தாலும் அரசுப் பணியாலும் பொருள் சேர்த்தபின் மாடி எழுப்பியவர்கள், தாம் பழகிய அதிகார உலகத்தின் தோற்றத்தை அதற்குக் கொடுத்தார்கள். ஆனால் முகப்பு மாறினாலும் வேலை செய்த கைகள் மாறவில்லை. செங்கல் அடுக்கியவரும், சுண்ணாம்பு அரைத்தவரும், உத்தரம் ஏற்றியவரும் இந்த மண்ணின் கொத்தர்களும் தச்சர்களும்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வாய்க்காலைக் கடந்தபின் மீண்டும் தேவைப்படும்.

ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதி அருகிலேயே இருக்கிறது. ஆங்கிலேய அரசின் பிடிக்கு அகப்படாமல் 1908-இல் இங்கே வந்த பாரதியார் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்தார். அவர் வசித்த வீடு இந்த வீதியில் அருங்காட்சியகமாக இருக்கிறது. அவருடைய பெரும் படைப்புகள் பல உருவான ஆண்டுகள் அவை. பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் வாழ்ந்த வீடும் அவ்வாறே நினைவகமாகக் காக்கப்படுகிறது. அரசு நினைவகங்கள் காலை ஒன்பது, பத்து மணிக்கு முன் திறப்பதில்லை. திங்கட்கிழமையில் வருவதாக இருந்தால் திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு வாருங்கள். வெளியே நின்று வீட்டைப் பார்ப்பதற்கு நேரம் காலம் தேவையில்லை.

மிஷன் வீதியில் தெற்கு நோக்கி நடந்தால், கல்வே கல்லூரி என்று பெயர் பெற்ற பழைய பள்ளிக் கட்டடத்தையும் அதன் தூண் வரிசையையும் காணலாம். அதே வீதியில் ஊரார் சம்பா கோயில் என்று அழைக்கும் அமலோற்பவ மாதா பேராலயம் இருக்கிறது. இப்போதுள்ள கட்டடம் 1791-இல் எழுந்தது. காலையில் சொன்னேனே, இடிக்கப்பட்ட ஈசுவரன் கோயில், அது நின்ற இடம் இதை அடுத்துத்தான். இன்று பேராலயத்தின் முற்றத்தில் எல்லாச் சமயத்தாரும் வந்து அமர்கிறார்கள். பூ விற்கும் பெண்கள் வாசலில் இருக்கிறார்கள். அந்தப் பழைய காயத்தை எவரும் கிளறிக்கொண்டிருக்கவில்லை. ஆனால் நடந்து பார்க்க வருகிற நாம் அதை அறியாமல் போவதும் சரியன்று.

அடுத்து, பெரிய மார்க்கெட். குபேர் அங்காடி என்பது அதன் பெயர். நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் இடையே இருக்கிறது. மீன், காய்கறி, பூ, தானியம் என்று தனித்தனிப் பகுதிகள் உண்டு. மீன் பகுதியில் தரை ஈரமாக இருக்கும், ஆகவே தந்தையாரைக் கையைப் பிடித்து அழைத்துச் செல்லுங்கள், அல்லது பூக்கடைப் பக்கமாகவே சென்று திரும்புங்கள். ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தால் காந்தி வீதியில் சண்டே மார்க்கெட் கூடும். துணிமணியும் பழைய புத்தகமும் வாங்க விரும்புவோருக்கு அது நல்ல நாள், வீட்டு முகப்புகளைப் பார்க்க விரும்புவோருக்கு ஏற்ற நாளன்று.

ரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தது என்பதால், இந்நகரில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய வீடுகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. கீழே மரத்தூண்கள் சூழ்ந்த தமிழ் முற்றமும் மேலே சுதைத் தூண்களும் என்று, வைசியாள் வீதியில் நீங்கள் கண்ட அதே கலப்புக்கு இது ஒரு முன்னோடி. 1736-இல் தொடங்கி 1761-இல் தாம் இறக்கும் வரை, ஏறத்தாழ 25 ஆண்டுகள், அரண்மனைச் செய்தி, கப்பல் வரவு, துணி விலை, போர், வழக்கு என்று அனைத்தையும் பிள்ளை தமிழில் எழுதினார். அவர் கண்மூடிய சில நாட்களில் நகரம் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. வீடு தனியார் உடைமை. உரியவர்களின் இசைவு இல்லாமல் உள்ளே செல்லக் கூடாது. ஆயினும் அந்த நாட்குறிப்புக்கு உரியவர் நடமாடிய வாசல் இது என்று மகனுக்குக் காட்டுங்கள். கிழக்கே உள்ள எந்த ஆளுநர் சிலையைக் காட்டுவதைவிடவும் இது முக்கியம் என்று நான் நினைக்கிறேன்.

தெம்பு மிச்சமிருந்தால் இன்னும் தெற்கே காஜியார் வீதி, முல்லா வீதிப் பக்கம் சென்று வாருங்கள். அது முஸ்லிம் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழும் பகுதி. குத்பா பள்ளிவாசல் அங்கே இருக்கிறது. வீடுகளின் கட்டுமானம் அடிப்படையில் அதே தமிழ் முறைதான். ஆனால் வீதியை நோக்கித் திறந்து கிடக்கும் திண்ணை இங்கே குறைவு, முகப்புகள் பெரும்பாலும் சற்று மூடியே இருக்கும். ஒரு மணி நேரத்திற்குள் கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் வெவ்வேறு மூலைகளில் தத்தம் வீதிகளோடு வருவதை நடந்து வருபவர் காலால் உணர முடியும். வண்டியில் போகிறவருக்கு இது கிடைக்காது.

பதினொரு மணிக்கு மேல் நடக்க வேண்டாம். இது முதியவருக்கு மட்டும் சொல்வதன்று. கடல் காற்றில் வியர்வை தெரியாமல் உடல் நீர் வற்றிவிடும். மேற்கு வீதிகளில் பழைய தாழ்வாரங்கள் பல அகற்றப்பட்டுவிட்டதால் நிழலும் முன்பு போல் இல்லை. அறைக்குத் திரும்பி, சாப்பிட்டு ஓய்வெடுங்கள். இந்த ஊரில் பல கடைகள் பகல் ஒரு மணி முதல் மூன்று, நான்கு மணி வரை அடைத்திருக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. நீங்களும் ஊரோடு சேர்ந்து ஓய்வெடுத்தால் ஒன்றையும் இழக்க மாட்டீர்கள்.

நான்கு மணிக்குமேல் வாய்க்காலைக் கடந்து கிழக்கே வாருங்கள். இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டும். 1761 ஜனவரியில் நகரத்தைப் பிடித்த ஆங்கிலேயர், கோட்டையையும் ஐரோப்பியப் பகுதியின் பெரும் கட்டடங்களையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். புனித லூயி கோட்டை என்ற பெரிய கோட்டை, இன்று பாரதி பூங்கா இருக்கும் பகுதியில் நின்றது; அதன் சுவடே இல்லை. நகரம் 1765-இல் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பி வந்தபின், பழைய வீதிக் கட்டத்தின் மேலேயே மீண்டும் கட்டினார்கள். ஆகவே, நீங்கள் பார்க்கும் வெள்ளை நகரத்து மாளிகைகள் துய்ப்ளே காலத்தவை அல்ல; அவை பிற்பட்டவை.

துய்மா வீதியிலும் ரொமேன் ரொலான் வீதியிலும் நடக்கும்போது, காலையில் பார்த்த வீட்டை மனத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே வீடு வீதிக்கு முகம் காட்டித் திண்ணை கொடுத்தது. இங்கே உயரமான மதிலும் பெரிய வாயிற்கதவும் வீதியைத் தள்ளி வைக்கின்றன. தோட்டம் உள்ளே, தூண் தாங்கிய நடை உள்ளே, வாழ்க்கை முழுவதும் உள்ளே. மதிலுக்கு மேலே தலை நீட்டும் காகிதப்பூக் கொடி மட்டும்தான் வெளியே தெரிகிறது. இந்த மாறுபாட்டைப் பார்ப்பதற்காகத்தான் மேற்கிலிருந்து தொடங்கச் சொன்னேன். கிழக்கிலிருந்து தொடங்குபவர் நிறத்தையும் கதவையும் பார்த்து மகிழ்ந்துவிட்டு, வெயில் ஏறியபின் மேற்கே வந்து நெரிசலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்.

பூச்சு உதிர்ந்த ஏதாவது ஒரு சுவரின் அருகே நின்று பாருங்கள். இரண்டு மூன்று வீதிகளுக்குள் ஒன்றாவது அகப்படும். மேலே மஞ்சள் வண்ணம், அதற்குக் கீழே பல அடுக்கு வெள்ளை, அதற்கும் கீழே மணலும் சுண்ணாம்பும் கலந்த கரடான சாந்து, கடைசியில் இன்றைய செங்கல்லைவிட மெல்லிய பழைய செங்கல். கூரையும் அப்படித்தான்: மர உத்தரங்களின் மேல் சிறு செங்கற்களைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்டு இறுக்கிய மெட்ராஸ் டெரஸ் முறை. வைசியாள் வீதி மாடியில் இருந்த அதே செங்கல், அதே சுண்ணாம்பு, அதே கொத்து வேலை. இந்தச் சுவர் ஏன் உதிர்கிறது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி மெல்ல வெளியே விடும் தன்மை உடையது. அதன் மேல் சிமெண்டைப் பூசியோ, பிளாஸ்டிக் தன்மையுள்ள பெயிண்டை அடித்தோ மூடிவிட்டால், கடற்காற்றின் உப்போடு கூடிய ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி, பூச்சைப் பெயர்த்துத் தள்ளிவிடுகிறது. படம் எடுப்பதற்காக ஆண்டுதோறும் பளிச்சென்று வண்ணம் அடிக்கப்படும் சுவர்களைப் பார்க்கும்போது எனக்கு மகிழ்ச்சியைவிடக் கவலைதான் மிகுதி.

கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கடற்கரைச் சாலையில் உள்ள மேரி கட்டடமே சான்று. 1870-களில் கட்டி முடிக்கப்பட்ட அந்த நகராட்சி மாளிகை, பல ஆண்டுகள் பழுதுபார்க்கப்படாமல் கிடந்து, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பழைய தோற்றத்திலேயே மீண்டும் கட்டி 2021-இல் திறந்தார்கள். இன்று நீங்கள் பார்ப்பது நல்ல வேலைதான். ஆனாலும் மூலக் கட்டடம் போனது போனதுதான்.

வீதி மூலைகளில் நீல எனாமல் பலகையில் வெள்ளை எழுத்தால் பிரெஞ்சும் தமிழும் எழுதியிருப்பதை மகன் படிக்கட்டும். இந்தப் பகுதியில் பிரெஞ்சு பேசும் தமிழ் முதியவர்களை நீங்கள் சந்திக்கலாம். 1881-இல் வந்த ஓர் ஆணையின்படி, தம் மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடியியல் சட்டத்தை ஏற்றுக்கொள்ள இந்தியர்களுக்கு வழி கிடைத்தது. அப்படி மாறியவர்களில் பலர் சைகோன் உள்ளிட்ட இந்தோசீன நகரங்களுக்கு அரசுப் பணியாளராகவும் படைவீரராகவும் சென்றார்கள். 1954 நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறி, 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படி இணைப்பு முழுமையடைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களும் உண்டு. பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்து ஓய்வூதியம் பெறுவோரை ஊரில் சொல்தா என்பார்கள். பிரெஞ்சு மொழி இங்கே கட்டடங்களோடு சேர்ந்து காட்சிப் பொருளாகிவிடவில்லை. சில தமிழ் வீடுகளின் சாப்பாட்டு மேசையில் அது இன்னும் பேசப்படுகிறது.

துய்மா வீதியில் கப்ஸ் கோயில் என்று ஊரார் சொல்லும் தூதர்களின் அன்னை ஆலயத்தில் சற்று நேரம் அமரலாம். அது 1855-இல் கட்டி முடிக்கப்பட்டது. கடலை நோக்கிய அதன் எதிரே பிரெஞ்சு வீராங்கனை ழான் தார்க்கின் (ஜோன் ஆஃப் ஆர்க்) சிலை கொண்ட சிறு பூங்காவும் இருப்பதால், தந்தையார் இளைப்பாற நல்ல இடம். அங்கிருந்து வடக்கே பாரதி பூங்காவுக்கு வந்தால், நடுவே ஆயி மண்டபம் நிற்கிறது. தன் மாளிகையை இடித்துவிட்டு அந்த இடத்தில் குளம் வெட்டிய ஆயி என்ற பெண்ணின் பெயரால், ஊருக்குக் குடிநீர் கொண்டுவந்ததன் நினைவாக, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுப்பப்பட்டது அது. மணக்குள விநாயகர் கோயிலும் அருகிலேயே உள்ளது. பிரெஞ்சுக்காரர் வருவதற்கு முன்பிருந்தே உள்ள கோயில் அது. அரவிந்தர் ஆசிரமமும் சில அடிகள் தொலைவுதான். அங்கே சிறு குழந்தைகளுக்கு அனுமதியில்லை என்றாலும் பத்து வயது மகனை அழைத்துச் செல்லலாம், அமைதி காக்க வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

மாலை ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். பிறகு அது முழுவதும் நடப்பவர்களுக்கே உரியது. 1836-இல் விளக்கேற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கம், செஞ்சியிலிருந்து கொண்டுவந்த கற்றூண்கள் சூழ நிற்கும் காந்தி சிலை, முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்கான நினைவுச் சின்னம் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வரும். கரையில் கருங்கற்கள் ஏன் குவிந்திருக்கின்றன என்று மகன் கேட்டால், தெற்கே 1980-களில் துறைமுகம் கட்டியபோது கடல் நீரோட்டம் வடக்கே கொண்டுவரும் மணல் தடுக்கப்பட்டு, கரை அரித்துப் போனதைச் சொல்லுங்கள். அண்மை ஆண்டுகளில் கடலுக்குள் தடுப்பு அமைத்தபின் தலைமைச் செயலகம் எதிரே மணல் ஓரளவு திரும்பி வந்திருப்பதையும் காட்டுங்கள். கரையோரத்துக் கற்சுவர்தான் 2004 ஆழிப்பேரலையின்போது பழைய நகரத்தைக் காத்தது.

தந்தையாரால் நடக்க முடியுமா என்பதற்கு வருகிறேன். காலை நடை, கோயிலிலிருந்து ரங்கப்பிள்ளை வீதி வரைக்கும், இடையில் நின்று நின்று சென்றால் முடியக்கூடியதுதான். தரை எங்கும் சமம், மேடு பள்ளம் கிடையாது. தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. நேரு வீதி, மகாத்மா காந்தி வீதி போன்றவற்றில் நடைமேடையைக் கடைகளும் இருசக்கர வண்டிகளும் பிடித்துக்கொண்டிருக்கும். பெரியவரை வீதியில் இறக்கி நடத்த வேண்டியிருக்கும். ஆகவேதான் ஆறரை மணி என்றேன். கடைகள் திறப்பதற்கு முன் அந்த வீதிகள் வேறு ஊர் போல இருக்கும். களைத்துவிட்டால் ஆட்டோவில் ஏற்றிக் கடற்கரைக்கோ அறைக்கோ அனுப்பிவிடலாம், எந்த இடமும் தொலைவில்லை. கட்டணத்தை ஏறுமுன் பேசிக்கொள்ளுங்கள்.

வீடுகளைப் படம் எடுப்பது பற்றியும் ஒரு சொல். வாய்க்காலின் இரு பக்கமும் இவை மனிதர்கள் வாழும் வீடுகள். திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டியைக் கேட்காமல் படமெடுப்பதும், பிறர் வாசற்படியில் ஏறி நின்று உடை மாற்றி உடை மாற்றிப் படமெடுப்பதும் இங்கே நாள்தோறும் நடக்கிறது; குடியிருப்பவர்கள் பொறுத்துப் பொறுத்துச் சலித்துவிட்டார்கள். வணக்கம் சொல்லி, கேட்டு எடுத்தால், மேற்குப் பகுதியில் பலர் உள்ளே அழைத்து முற்றத்தையே காட்டுவார்கள். பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டினால் எவ்வளவு கிடைக்கும் என்ற கணக்கு ஒவ்வொரு குடும்பத்தின் முன்னும் இருக்கிறது. இந்த வீடு அருமையானது என்று வழியே போகிறவர்கள் மதிப்போடு சொல்லும் சொல்லுக்கும் அந்தக் கணக்கில் ஓர் இடம் உண்டு என்று நான் நம்புகிறேன்.

எப்போது வரலாம் என்றால், டிசம்பர் நடுப்பகுதியிலிருந்து பிப்ரவரி வரை நல்லது. அக்டோபர் இறுதியும் நவம்பரும் வடகிழக்குப் பருவமழைக் காலம். 2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது நகரின் பல பகுதிகள் வெள்ளத்தில் நின்றன. சனி, ஞாயிறுகளிலும் புத்தாண்டை ஒட்டிய நாட்களிலும் கிழக்கு வீதிகளில் கூட்டம் தாங்காது. செவ்வாய் முதல் வெள்ளி வரை ஒரு நாளைத் தேர்ந்துகொண்டால் நினைவகங்களும் திறந்திருக்கும், வீதிகளும் நடக்க இடம் கொடுக்கும். இரண்டாம் நாள் காலையில் ஊருக்குப் புறப்படுமுன் ஒரு மணி நேரம் கிடைத்தால், ரயில் நிலையத்தின் அருகே 1907-இல் திறக்கப்பட்ட திரு இருதய ஆண்டவர் பசிலிக்காவுக்குச் சென்று, காலை வெயில் அதன் வண்ணக் கண்ணாடிகளில் படும் நேரத்தில் பார்த்துவிட்டுச் செல்லுங்கள். அடுத்த கேள்விக்குப் போவோம்.